ஜெர்மனியில் குழந்தைக்கு இடம் தேடுவது: சட்டம் தருவதும் நாட்காட்டி தடுப்பதும்

ஜெர்மனியில் ஒரு வயது நிரம்பிய எந்தக் குழந்தைக்கும் பகல்நேரப் பராமரிப்பில் இடம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. 2013 ஆகஸ்ட் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 1996-லேயே அந்த உரிமை வந்துவிட்டது. எந்த நாட்டுக் குழந்தை என்று பார்ப்பதில்லை. முறையான அனுமதியோடு அங்கே குடியிருந்தால் போதும். சென்னையிலோ கோவையிலோ வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்குப் பெரிய கவலை ஒன்று தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டிலோ மியூனிக்கிலோ வந்து இறங்கும் குடும்பத்துக்குச் செப்டம்பர் வரை ஒரு காலி இடம்கூடக் கண்ணில் படாமல் போகலாம். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. நம் ஊரில் பணம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் ஒரு பிளே ஸ்கூலாவது கிடைத்துவிடும். ஜெர்மனியில் முக்கால்வாசி விஷயத்தைத் தீர்மானிப்பது நாட்காட்டிதான். இதைப் புறப்படுவதற்கு முன்பே புரிந்துகொண்டவர்களுக்கு முதல் வருடம் பாதி சுமையோடு கழிகிறது.

உரிமை இருந்தும் இடம் ஏன் இல்லை என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மேற்கு ஜெர்மனியில் பல பத்தாண்டுகளாகப் பள்ளி மதியத்தோடு முடிந்தது. அம்மா வீட்டில் இருப்பார், சூடாகச் சமைத்து வைத்திருப்பார் என்ற எண்ணத்தின் மேல்தான் பள்ளி நேரம், வரி விதிப்பு, கடைகள் திறந்து மூடும் நேரம் எல்லாமே எழுந்தன. கிழக்கு ஜெர்மனி இதற்கு நேர் எதிர். அங்கே பெண்களும் முழுநேரம் வேலைக்குப் போனார்கள், அரசே கைக்குழந்தைகளுக்கும் காப்பகம் நடத்தியது. இரண்டும் 1990-இல் ஒன்றான பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. இன்றைக்கும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கிழக்கில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் காப்பகம் போகிறார்கள். மேற்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வின் முடிவுகள் 2001-இல் வெளியாகி ஜெர்மனியை உலுக்கின. வீட்டின் வசதியைப் பொறுத்தே பிள்ளையின் படிப்பு அமைகிறது என்று அந்த முடிவுகள் காட்டின. அதற்குப் பிறகு முழுநாள் பள்ளிகளுக்காக 400 கோடி யூரோ ஒதுக்கினார்கள். கட்டடங்கள் எழும்பின, ஆனால் அந்த வேகத்துக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் கிடைக்கவில்லை. 2023-இல் பெர்டெல்ஸ்மன் அறக்கட்டளை போட்ட கணக்கில் நாடு முழுவதும் சுமார் 4.3 லட்சம் இடங்கள் குறைவு. அதில் பெரும்பகுதி மேற்கில்.

இப்போது இன்னொரு மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. 2021-இல் ஜெர்மனியில் சுமார் 7.95 லட்சம் குழந்தைகள் பிறந்தன, 2024-இல் 6.77 லட்சம்தான். அதனால் கிழக்கில், பெர்லினிலும்கூட, சில கீட்டாக்களில் இடங்கள் காலியாகத் தொடங்கியிருக்கின்றன. (காப்பகத்தை அங்கே எல்லாரும் கீட்டா என்றுதான் சொல்கிறார்கள், தமிழ்க் குடும்பங்களும் அப்படியே.) பெர்லினில் 2018 ஆகஸ்ட் முதல் கீட்டாவுக்குக் கட்டணமும் கிடையாது, சாப்பாட்டுக்குச் சிறு தொகை மட்டும். ஹாம்பர்கில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் இலவசம். ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தால் மாதக் கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. இரண்டு ஊர்களில் வேலை வந்து எதை எடுப்பது என்று யோசிக்கிறவர்கள், சம்பளத்தையும் வாடகையையும் ஒப்பிடுவதோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் இது சின்ன வித்தியாசமே இல்லை.

சரி, இடம் எப்படி ஒதுக்குகிறார்கள்? கீட்டா ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில் தொடங்குகிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறபோதுதான் இடம் காலியாகும். அந்த இடங்களை முந்தைய குளிர்காலத்திலும் வசந்தத்திலுமே யார் யாருக்கு என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நடுவில் யாராவது ஊர் மாறிப் போனால் மட்டும் ஒன்றிரண்டு விழும். பெரிய நகரங்களில் நகராட்சி இணையதளம் வழியாகப் பதிய வேண்டும். பலவற்றில் அதற்கு அந்த ஊர் முகவரி கேட்பார்கள். முகவரி வேண்டுமென்றால் வீடு வேண்டும். வந்தவுடன் கிடைக்கும் தற்காலிக வீட்டிலேயே பலரால் முகவரிப் பதிவு செய்ய முடிவதில்லை. ஆக மொத்தம், மார்ச்சில் வந்தவர் மே மாதம்தான் வரிசையில் நிற்கவே ஆரம்பிக்கிறார். இதோடு சில மாநிலங்களில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இடம் வேண்டும் என்று ஆறு மாதம் முன்னதாகவே சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த ஊரிலேயே கருவுற்று, அங்கேயே பிரசவமான ஒரு தாயை மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. நடுவில் வந்து சேர்கிற குடும்பத்தை யாரும் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. அப்படி ஒரு குடும்பம் வரும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகவும் உறுத்தும் ஒன்று உண்டு. இடம் குறைவாக உள்ள நகரங்களில் இரண்டு பெற்றோரும் வேலையில் இருக்கும் வீட்டுக்கு முன்னுரிமை கொடுக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாக வரும் தமிழ்க் குடும்பத்தில் பெரும்பாலும் கணவருக்கு வேலை, மனைவிக்கு இன்னும் இல்லை. ப்ளூ கார்டு என்ற, படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவரின் துணைக்கு எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. ஊரில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தவராகவும் இருப்பார். ஆனால் வேலைக்கு மொழி வேண்டும். மொழி வகுப்புக்குப் போகப் பிள்ளைக்கு இடம் வேண்டும். இடத்துக்கு வேலை வேண்டும். ஒருங்கிணைப்பு வகுப்பு என்று அரசு நடத்துவதில் மொழிக்கு மட்டும் 600 பாட நேரங்கள் இருக்கின்றன. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முடிக்கக்கூடியது அல்ல அது. இந்த வட்டத்துக்குள் இரண்டு மூன்று வருடம் அடைபட்டுப்போன பெண்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமை குறைவு என்று யாராவது சொன்னால் கோபம்தான் வரும். மொழி வகுப்பில் சேர்ந்ததற்கான கடிதத்தைக் கீட்டா விண்ணப்பத்தோடு இணைத்தால் பல ஊர்களில் அதையும் வேலைக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறார்கள். வகுப்பில் பெயரை முதலில் பதிந்துவிடுவது நல்லது.

உரிமையை நீதிமன்றத்தில் கேட்கலாமா என்றால், கேட்கலாம். லைப்சிக் நகரைச் சேர்ந்த மூன்று தாய்மார்கள், இடம் கிடைக்காததால் வேலைக்குத் திரும்ப முடியாமல் இழந்த சம்பளத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2016 அக்டோபரில் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் அப்படி இழப்பீடு கேட்க வழி உண்டு என்றது. பணம் இல்லை என்று நகராட்சி கைவிரிக்க முடியாது. தகுதியான ஊழியர் கிடைக்கவில்லை என்றால் அது வேறு கதை. வழக்கறிஞர் கடிதம் போனதும் எங்கிருந்தோ ஓர் இடம் வந்து சேர்வதும் நடக்கிறது, அது வீட்டிலிருந்து 40 நிமிடத் தொலைவில் இருந்தாலும்.

அதற்கு முன் ஒரு வழி இருக்கிறது. நம்மவர்கள் அதை அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுதான் தாகெஸ்முட்டர். தன் வீட்டிலேயோ வாடகை இடத்திலேயோ ஒரே நேரத்தில் ஐந்து குழந்தைகள் வரை பார்த்துக்கொள்ள, யூகெண்டாம்ட் என்ற இளைஞர் நல அலுவலகத்தின் உரிமம் பெற்றவர். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சட்டம் தரும் உரிமையில் கீட்டாவுக்கு நிகராக இதுவும் அடங்கும். நகராட்சி செலவில் பங்கு கொடுப்பதால் கட்டணமும் பல ஊர்களில் கீட்டா அளவில்தான். ஒரே முகம், சின்னக் கூட்டம், அமைதி. மொழி தெரியாமல் வரும் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு இருபது பேர் கத்தும் அறையைவிட இது நல்லது என்பது என் கருத்து. ஒரே குறை, அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கு யார் பார்ப்பது என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று. 2020 மார்ச் முதல் இது கட்டாயம்: ஒரு வயது நிரம்பியிருந்தால் ஒரு தவணை, இரண்டு வயது நிரம்பியிருந்தால் இரண்டு தவணை. நம் ஊர் தடுப்பூசி அட்டையைத் தொலைக்காமல், தேதியும் மருந்துப் பெயரும் தெளிவாகத் தெரியும்படி மருத்துவரிடம் எழுதி வாங்கி வருவது நல்லது. கையெழுத்துப் புரியாத அட்டையை வைத்துக்கொண்டு அங்கே குழந்தை மருத்துவர் தேடி அலைவது தனி வேலை.

அடுத்தது ஐன்கெவோனுங், அதாவது பழக்கப்படுத்தும் காலம். தமிழ்ப் பெற்றோர் பலர் திடுக்கிடுவது இதில்தான். நம் ஊரில் பிள்ளை அழுதாலும் மிஸ் கையில் கொடுத்துவிட்டு வாசலில் இருந்து வேகமாகத் திரும்பிவிடுவோம். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்பார்கள். ஜெர்மனியில் அப்படி விட்டுவிட்டுப் போகவே விடமாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் பெர்லின் முறை என்று 1980-களில் உருவான ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் ஒரு மணி நேரம் பிள்ளையோடு அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிரியவே கூடாது. நான்காம் நாள்தான் சில நிமிடங்கள் வெளியே போய்ப் பார்ப்பது. அது திங்கட்கிழமையாக இருந்தால் அதையும் தள்ளிப்போடுவார்கள், வாரக் கடைசி வீட்டில் இருந்துவிட்டு வந்த குழந்தை என்பதால். பிள்ளை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்த்து நேரத்தைக் கூட்டுவார்கள். இரண்டு வாரத்தில் முடியலாம், ஆறு வாரமும் ஆகலாம். பாதுகாப்பாக உணரும் ஒருவரோடு புது ஆளை அறிமுகப்படுத்தினால்தான் குழந்தை புது ஆளையும் நம்பும் என்று உளவியலாளர் பௌல்பி முதலானோர் குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிச் செய்த ஆய்வுகள் சொல்வதே இதற்கு அடிப்படை.

இது நல்ல முறை என்று முழு மனதோடு சொல்வேன். மொழி புரியாத பிள்ளைக்கு இன்னும் நல்லது. ஆனால் வேலைக் கணக்கில் இது பெரிய ஓட்டை. புது வேலை முதல் தேதி தொடங்குகிறது, ஐன்கெவோனுங்கும் அதே நாள் தொடங்குகிறது என்றால் யார் போவது? தினமும் ஒரே ஆள் வருவதையே கீட்டா விரும்புகிறது. வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே, முதல் ஆறு வாரம் அரைநாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாமா, நிறுவனத்துக்கு ஏதாவது கீட்டாவில் ஒதுக்கீட்டு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளத்தில் இன்னும் ஆயிரம் கேட்பதைவிட இந்தக் கேள்விக்குப் பலன் அதிகம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். கிண்டர்கார்டன் என்பதே ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1840-இல் ஜெர்மனியில் தொடங்கிய ஒன்று, விளையாட்டே அதன் உயிர். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்து சொல்லித் தரவில்லையே, எண்கள் எழுத வைக்கவில்லையே என்று பதற வேண்டாம். மழையில் சேற்றில் புரண்டுவிட்டு வருவார்கள். ரப்பர் கால்சட்டையும் பூட்ஸும் மாற்றுத்துணிப் பையும் பெயர் எழுதி வைத்துவிட்டால் போதும். பிள்ளை சில மாதங்கள் ஒரு வார்த்தை ஜெர்மன் பேசாமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசுவதை அதற்காக நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

ஆறு வயதானதும் வேறு உலகம். பள்ளியில் இடம் பொதுவாகக் கிடைத்துவிடும், ஏனென்றால் பள்ளிக் கல்வி கட்டாயம். ஆனால் முதல் வகுப்பு பல நாள் பன்னிரண்டு மணிக்கோ அதற்கு முன்போகூட முடிந்துவிடும். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளும் ஹோர்ட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் தனி வரிசை. கீட்டாவில் முழுநாள் இருந்த பிள்ளை பள்ளிக்குப் போனதும் மதியமே வீட்டில் நிற்கும் என்பதைப் பலர் அப்போதுதான் கவனிக்கிறார்கள். இதற்காகத்தான் 2021-இல் ஒரு சட்டம் வந்தது. 2026 ஆகஸ்ட் முதல் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு, பள்ளி நேரத்தையும் சேர்த்து வாரத்தில் ஐந்து நாளும் எட்டு மணி நேரப் பராமரிப்பு உரிமை. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிந்து 2029-30 கல்வியாண்டில் நான்காம் வகுப்பு வரை எல்லாருக்கும். விடுமுறை நாட்களும் இதில் அடங்கும். மாநிலங்கள் விரும்பினால் ஆண்டில் நான்கு வாரம் வரை மூடிக்கொள்ளலாம். கீட்டா விஷயத்தில் 2013-இல் நடந்ததை நினைத்தால், எல்லா ஊரிலும் முதல் வருடமே ஆட்கள் கிடைத்துவிடுவார்கள் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

விடுமுறைக் கணக்குக்கு வருவோம். ஜெர்மனியில் பள்ளி விடுமுறை ஆண்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வாரம்: கோடையில் ஆறு, மீதி இலையுதிர் காலம், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்று துண்டு துண்டாக. வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி குறைந்தது நான்கு வாரம். நல்ல நிறுவனங்களில் ஆறு வாரம். இரண்டு பேருக்கும் ஆறு ஆறு என்றாலும், ஒரு நாள்கூடச் சேர்ந்து விடுப்பு எடுக்காமல் மாறி மாறி எடுத்தால்தான் பன்னிரண்டு வரும். அப்படியென்றால் குடும்பமாக ஊருக்குப் போவது எப்போது? கீட்டாவும் கோடையில் இரண்டு மூன்று வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம், நடுநடுவே பயிற்சி நாட்கள் என்று மூடும். அந்தத் தேதிகளைச் சேரும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. நகராட்சிகள் விடுமுறை நிகழ்ச்சி என்று அழகான புத்தகம் போடுவார்கள். ஃபேரியன்பாஸ் என்று சில யூரோவுக்கு ஒரு அட்டை தருவார்கள். மண்பாண்டம் செய்வது, தீயணைப்பு நிலையம் பார்ப்பது, பட்டறை என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். பிள்ளைக்குக் கொண்டாட்டம். ஆனால் பெரும்பாலானவை இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். அலுவலகம் போகும் பெற்றோருக்கு அவை உதவாது. அவர்களுக்குத் தேவை காலை எட்டு முதல் மாலை நான்கு வரை, சாப்பாட்டோடு, ஐந்து நாளும் பொறுப்பேற்கும் முகாம். இரண்டும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். மியூனிக்கில் 1979-இல் தொடங்கி இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மினி-மியூன்ஷென் இருக்கிறதே, ஏழு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளே ஒரு நகரத்தை நடத்துவது, வேலை செய்து அந்த நகரத்துப் பணத்தில் சம்பளம் வாங்குவது, மேயரைத் தேர்ந்தெடுப்பது: உலகத்திலேயே அருமையான ஏற்பாடுகளில் ஒன்று. ஆனாலும் பிள்ளைகள் விருப்பம்போல் வந்து போகும் இடம் அது. எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

முழுநாள் ஏற்பாடுகளில் ஸ்டுட்கார்ட்டின் வால்ட்ஹைம் என்ற விடுமுறை முகாம்களை எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகு பட்டினியால் மெலிந்துபோன பிள்ளைகளுக்குக் காட்டோரம் சாப்பாடும் வெயிலும் காற்றும் கொடுக்கத் தேவாலயங்கள் தொடங்கியவை, நூறு ஆண்டாக நடக்கின்றன. காலையில் போனால் சாயங்காலம் வரை விளையாட்டு, பாட்டு, மூன்று வேளையும் ஏதாவது சாப்பாடு. பார்த்துக்கொள்ளும் அண்ணன் அக்காக்களில் பலர் சிறுவயதில் அங்கேயே வந்தவர்கள். மதத்தைப் பார்த்துச் சேர்ப்பதில்லை. ஆனால் இதற்கும் பதிவு குளிர்காலத்திலேயே வந்துவிடும்; ஜூன் மாதம் போய்க் கேட்டால் காத்திருப்போர் பட்டியல்தான். ஜெர்மன் இன்னும் வராத பிள்ளைக்கு நாடகம், பத்திரிகை எழுதுவது போன்ற முகாம்களைவிடக் கால்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ், சர்க்கஸ் முகாம்கள் எளிது. பந்து காலுக்கு வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர மொழி வேண்டாம். கூடவே கோடையில் இரண்டு வாரத் தீவிர நீச்சல் வகுப்பும் நடக்கும். ஸேப்ஃபெர்ட்ஷென் என்ற முதல் சான்றுக்கு ஓரத்திலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்தி, தோள் ஆழத் தண்ணீரிலிருந்து ஒரு பொருளை எடுக்க வேண்டும். கோடை முழுக்க ஏரிக்கரையிலும் குளத்திலும் பிறந்தநாள் கொண்டாடும் நாட்டில் இது ஆடம்பரம் கிடையாது, பாதுகாப்பு.

அப்புறம் தாத்தா பாட்டி. ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள் தங்கலாம். அதனால் அப்பா வீட்டார் ஒரு பருவம், அம்மா வீட்டார் ஒரு பருவம் என்று பல குடும்பங்கள் ஓட்டுகின்றன. பேரப்பிள்ளையோடு அவர்கள் இருப்பது எந்தக் காப்பகமும் தர முடியாத ஒன்று. ஆனால் பராமரிப்பு முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுவது சரியில்லை என்றே நினைக்கிறேன். மொழி தெரியாத ஊரில், பனிக்காலத்தில், அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லாமல், அறுபத்தைந்து வயதில் ஓடுகிற குழந்தைக்குப் பின்னால் ஓடுவது உடம்புக்கும் மனசுக்கும் கடினம். ஐன்கெவோனுங் முடிந்த பிறகு, மதியம் அழைத்து வரும் பொறுப்பை மட்டும் கொடுத்தால் அவர்களுக்கும் ஒரு நடை, பிள்ளைக்கும் சந்தோஷம். கீட்டாவில் அவர்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளையை அனுப்பமாட்டார்கள்.

ஊருக்குப் போவதிலும் இதே நாட்காட்டிச் சிக்கல். பள்ளி வயதுப் பிள்ளையை விடுமுறைக்கு ஒரு நாள் முன்னால்கூட அனுமதியில்லாமல் நிறுத்த முடியாது, அபராதம் உண்டு. பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் விசாரித்த செய்திகள் வந்திருக்கின்றன. அங்கே கோடை விடுமுறை ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் சித்தப்பா, மாமா பிள்ளைகளுக்கு மே மாதத்தோடு லீவு முடிந்துபோயிருக்கும். கீட்டா வயதில் இந்தக் கட்டாயம் இல்லை. பிள்ளைக்கு ஆறு வயதாகும் வரை ஏப்ரல், மே மாதங்களில் நீண்ட பயணமாகப் போய்விட்டு வருவது நல்லது. விமானக் கட்டணமும் குறைவு, பிள்ளையோடு விளையாடவும் ஆள் இருக்கும்.

கடைசியாக, வந்த முதல் வாரத்திலேயே எடுக்க வேண்டிய ஒரு முடிவு. சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு மாறலாம். இளம் வயதில் மாதத் தொகை குறைவாகத் தெரியும். ஆனால் பொதுக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோருக்கு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை காய்ச்சலாகப் படுத்தால் சம்பளத்தின் பெரும்பகுதி கிடைக்கும் விடுப்பு உண்டு. 2024, 2025 ஆண்டுகளில் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளைக்கு 15 நாள், தனியாக வளர்ப்பவருக்கு 30 நாள். தனியார் காப்பீட்டில் இந்தத் தொகை கிடையாது. கீட்டாவில் முதல் குளிர்காலம் முழுக்கச் சளியும் காய்ச்சலும் மாறி மாறி வரும். கீட்டாவுக்கும் தாகெஸ்முட்டருக்கும் முகாமுக்கும் கொடுக்கும் பணத்தை வங்கி வழியாகவே அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். 2025 முதல் பராமரிப்புச் செலவில் 80 சதவீதம், பிள்ளைக்கு ஆண்டுக்கு 4,800 யூரோ வரை வரிக்குரிய வருமானத்தில் கழியும். ரொக்கமாகக் கொடுத்தது கழியாது. சாப்பாட்டுக்கும் நீச்சல், கால்பந்து போன்ற பயிற்சிக்கும் கொடுத்த பங்கும் கழியாது. அதனால் முகாம் ரசீதில் பராமரிப்புக்கு எவ்வளவு, மற்றவற்றுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.